அண்ணனுக்கு ஜெனடிக் டெஸ்ட் எடுத்தால் யாருக்குப் பயன்?

கேள்வியைச் சுருக்கி மேலே வைத்துக்கொள்கிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா.

"அண்ணனுக்கு 36 வயது. தலைசுற்றல் என்று போனவருக்கு ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது என்றார்கள். கிரியேட்டினின் 5.1. சர்க்கரை கிடையாது, பிரஷர் கொஞ்சம், சிறுநீரில் புரதம் லேசாக. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருக்கிறது, இனி பயாப்ஸி எடுத்துப் பயனில்லை என்கிறார் டாக்டர். காரணம் தெரியவில்லை, எக்ஸோம் டெஸ்ட் எடுங்கள், முப்பதாயிரம் ஆகும் என்றார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அண்ணியும் எங்கள் தாய்மாமன் மகள்தான். அவர்களுக்கு ஆறு வயதில் பையன் இருக்கிறான். அப்பாவின் தம்பி 44 வயதில் டயாலிசிஸில் இருந்தபோது இறந்துபோனார். எனக்கு 31, இரண்டு குழந்தைகள். ரத்த வகை பொருந்துகிறது, கிட்னி கொடுக்கத் தயார். மாமியார் வீட்டில் கூடாது என்கிறார்கள். அம்மாவும் தருகிறேன் என்கிறார், அவருக்கு 56, பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறார். 'தெரிந்து என்ன ஆகப்போகிறது, அந்தக் காசை ஆபரேஷனுக்கு வைத்துக்கொள்ளலாம்' என்கிறார் அப்பா. என்ன செய்வது?"

நான் சிறுநீரகப் பிரிவில் மரபியல் ஆலோசகராகப் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. குடும்பத்தை உட்காரவைத்து, யாருக்கு என்ன என்று தாளில் வரைந்து, எந்த டெஸ்ட், எதற்கு, ரிப்போர்ட் வந்தால் அடுத்தது என்ன என்று பேசுவது என் வேலை. அந்த எல்லைக்குள் சொல்கிறேன்.

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. தெரிந்து என்ன ஆகப்போகிறது? பலர் விஷயத்தில் ஒன்றும் ஆகாது. 65 வயது, இருபது வருடச் சர்க்கரை, கண்ணிலும் பாதிப்பு, சிறுநீரில் நுரை என்று வருகிறவருக்கு யாராவது ஜெனடிக் டெஸ்ட் எழுதிக்கொடுத்தால் எனக்கே கோபம் வரும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறு. எக்ஸோம் டெஸ்ட் என்பது எல்லா மரபணுக்களையும் மொத்தமாக வாசித்துப் பிழை தேடுவது. அதற்கு ரத்தம் எடுப்பது அண்ணனிடம். ஆனால் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 36 வயதில் 5.1 என்றால், நல்ல கிட்னியில் நூறையொட்டி இருக்கும் வடிகட்டும் திறன் 14 அளவில்தான் இருக்கும். அவருக்கு மாற்று சிறுநீரகம் வேண்டும் என்பது காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாறாது. பதில் யாருக்கு வேண்டும் என்றால் உங்களுக்கு, அம்மாவுக்கு, அந்த ஆறு வயதுப் பையனுக்கு.

பணம் கட்டுவதற்கு முன்னால் காசில்லாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், குடும்பத்தில் ஞாபகசக்தி உள்ள மூத்த பெண்மணி ஒருவர். மூன்று தலைமுறையை எழுதி வாங்குங்கள். யார் யாரைக் கட்டினார்கள், யார் எந்த வயதில் எப்படிப் போனார்கள். "கிட்னி" என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டியிடம் அப்படித்தான் கேட்டேன், "எங்க வம்சத்துல கிட்னி யாருக்குமே கிடையாது" என்றார். அரைமணி கழித்து, "என் கொழுந்தன் மட்டும் ஊதிப்போய்ச் செத்தான், சோறு எறங்காது, வாயெல்லாம் மூத்திர வாடை அடிக்கும்" என்றார். அது கிட்னிதான். அந்தக் காலத்தில் அதற்கு அந்தப் பெயர் கிடையாது, அவ்வளவுதான்.

அண்ணனிடமும் கேளுங்கள், சின்ன வயதில் ராத்திரி தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுப்பாரா? எட்டு, பத்து வயது வரை படுக்கையில் சிறுநீர் போனாரா? இது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். சித்தப்பாவுக்கு இளவயதிலேயே கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூட வலிக்கும் தொந்தரவு இருந்ததா என்று சித்தியிடம் கேளுங்கள். காது மந்தமானவர்கள், சிறுநீரில் கல் விழுந்தவர்கள் யார் யார்? அப்புறம் தாத்தாவும் பாட்டியும், அதாவது அப்பாவைப் பெற்றவர்கள், அவர்களும் சொந்தமா? கடைசியாக ஒன்று: அப்பாவின் கிரியேட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. இருநூறு, முந்நூறு ரூபாயில் முடிகிற அந்த டெஸ்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். முப்பதாயிரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இதையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன விவரத்தில் இரண்டு வேறு வேறு கதைகள் ஒளிந்திருக்கின்றன.

பள்ளி உயிரியலில் ஓங்கு, ஒடுங்கு என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒடுங்கு வகை நோயில் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுது என்றால் அவர் சுமந்துகொண்டிருப்பவர், ஆங்கிலத்தில் கேரியர் என்பார்கள், அவருக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. சொந்தத்தில் திருமணம் செய்யும்போது ஒரே பாட்டனாரின் பழுதடைந்த பிரதி இரு வழியாகவும் இறங்கி ஒரே பிள்ளையிடம் வந்து சேர வழி இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் பெற்ற பிள்ளைக்கு, எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு 16-ல் 1. தாய்மாமனைக் கட்டியவர் பெற்ற பிள்ளைக்கு 8-ல் 1.

உங்கள் வீட்டின் முதல் கதை இது. இந்த வகையில் பெரியவர்களைக்கூட விட்டுவைக்காத நோய் ஒன்று உண்டு, நெஃப்ரோனாஃப்திசிஸ் என்று பெயர். புரதம் அதிகம் போகாது, ரத்தம் போகாது, பிரஷர்கூட ஆரம்பத்தில் பெரிதாக ஏறாது. சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி மட்டும் சின்ன வயதிலேயே போய்விடும். அதனால் சிறுநீர் நிறையப் போகும், தாகம் எடுக்கும். தலைமாட்டுச் சொம்பு அதற்குத்தான். யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை, உடம்பு சூடு என்பார்கள். இது சிறுவர் நோய் என்றே வெகுநாள் புத்தகங்களில் இருந்தது. 2018-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெரியவர்களான பிறகு சிறுநீரகம் செயலிழந்து மாற்று அறுவைக்கு வந்த 5,606 பேரின் டிஎன்ஏவைத் தேடிப் பார்த்தார்கள். 26 பேருக்கு என்பிஹெச்பி1 என்ற மரபணுவே இரண்டு பிரதியிலும் காணாமல் போயிருந்தது. 18 வயதிலிருந்து 61 வயது வரை. அந்த 26 பேரில் சரியான நோயின் பெயர் கோப்பில் எழுதியிருந்தது மூன்று பேருக்கு மட்டும்தான். மற்றவர்கள் கோப்பில் "காரணம் தெரியவில்லை" போன்ற ஏதோ ஒன்று.

இரண்டாவது கதை சித்தப்பா வழியில் வருகிறது. ஓங்கு வகையில் ஒரு பிரதி பழுதானாலே போதும். நோய் உள்ளவரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. அதிலும் சத்தமில்லாத வகை ஒன்று இருக்கிறது, யூஎம்ஓடி, எம்யூசி1 போன்ற மரபணுக்களால் வருவது. இதிலும் சிறுநீர் டெஸ்ட் பார்ப்பதற்குச் சுத்தமாகவே இருக்கும், கிட்னி மெல்லச் சுருங்கும். யூஎம்ஓடி வகையில் யூரிக் அமிலம் கூடி இளவயதிலேயே கீல்வாதம் வரும். சித்தப்பாவின் பெருவிரலைக் கேட்டது அதனால்தான். ஒரே வீட்டில் ஒருவருக்கு முப்பத்தைந்தில் டயாலிசிஸ், இன்னொருவர் அறுபது தாண்டியும் நடமாடிக்கொண்டிருப்பார். ஆகவே அப்பா திடமாக இருக்கிறார் என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்த குடும்பத்தில், ஒடுங்கு வகை நோயே சித்தப்பாவுக்கு ஒன்று, அண்ணன் மகனுக்கு ஒன்று என்று இறங்கி, ஓங்கு வகை போல வேஷம் போடும். தாத்தா பாட்டியும் சொந்தமா என்று கேட்டது இதற்காக. வரைபடத்தை வைத்து மட்டும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாமல் போகலாம். டெஸ்டுக்கு வேலை வருவது அங்கேதான்.

உங்கள் கிட்னி விஷயத்துக்கு இந்த இரண்டு கதையும் எதிரெதிர் பதில் தருகின்றன.

ஒடுங்கு வகை என்றால் அம்மா கட்டாயம் கேரியர், அப்பாவும் கேரியர். நீங்கள் நோய் இல்லாதவர் என்று உறுதியானால், கேரியராக இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. பலர் பாதி என்று நினைக்கிறார்கள். கேரியர் இருவர் பெறும் பிள்ளைகளுக்கு நான்கு விதச் சேர்க்கை, அதில் நோயாளி என்ற ஒன்றை அடித்துவிட்டால் மீதி மூன்று, அந்த மூன்றில் இரண்டு கேரியர். நெஃப்ரோனாஃப்திசிஸ் மாதிரி நோயில் கேரியராக இருப்பது கிட்னி கொடுக்கத் தடை இல்லை. மாற்றி வைத்த கிட்னியில் அந்த நோய் திரும்பவும் வராது. வந்த கிட்னியின் மரபணு கொடுத்தவருடையது அல்லவா.

ஓங்கு வகை என்றால், உங்களுக்கும் அதே பழுது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. 31 வயதில் உங்கள் கிரியேட்டினின் நார்மலாக இருக்கும், ஸ்கேன் சுத்தமாக இருக்கும், மாற்று அறுவைக்கு முன் எடுக்கிற வழக்கமான டெஸ்ட் அத்தனையிலும் பாஸ் ஆவீர்கள். பழுதுள்ள இரண்டில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பழுதான ஒன்றோடு ஐம்பது வயதில் நீங்களே டயாலிசிஸ் வாசலில் நிற்க நேரலாம். அண்ணனுக்கு வைத்த கிட்னியும் அதே பழுதோடு போயிருக்கும். ஆனால் பழுது அப்பா வழியில் வந்தது என்றால் அம்மாவிடம் அது இருக்க வாய்ப்பு உங்களைவிடக் குறைவு. அவரும் அப்பாவுக்குச் சொந்தம் என்பதால் அறவே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது, அவரிடமும் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தீர்களா? எந்தக் கதை உண்மையானாலும் அம்மாவுக்கு மரபணு வழியில் தடை வர வாய்ப்பு குறைவுதான். ஒரே மாத்திரையில் அடங்குகிற பிரஷர் உள்ளவரைப் பல மையங்கள் முழு பரிசோதனைக்குப் பிறகு தானம் கொடுப்பவராக ஏற்கின்றன. உங்கள் டாக்டர் என்ன சொல்கிறாரோ அது. இளவயதுக் கிட்னி நல்லது என்று எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள். மாமியார் வீட்டார் கூடாது என்பதற்கு அவர்கள் காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் ரிப்போர்ட் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று நானும்தான் சொல்வேன்.

இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று. "எனக்கு ஒரு எக்ஸோம் எடுத்துவிடுகிறேன், சுத்தமாக இருந்தால் கொடுத்துவிடுகிறேன்" என்று தானம் கொடுப்பவர் முதலில் போய் நிற்பது. செய்யாதீர்கள். முதலில் நோய் உள்ளவருக்கு எடுத்து, எந்த மரபணுவில் எந்த டிஎன்ஏ எழுத்து பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அந்த ஒரே இடத்தை மட்டும் உங்களிடம் பார்ப்பது சில ஆயிரத்தில் முடியும், பதிலும் ஆம், இல்லை என்று தெளிவாக வரும். அண்ணனிடம் என்ன என்று தெரியாமல் உங்களிடம் ஒன்றும் இல்லை என்று வருகிற ரிப்போர்ட், எந்தச் சாவியைத் தொலைத்தோம் என்று தெரியாமல் வீட்டைத் தேடி, சாவி இல்லை என்று சொல்வது மாதிரி.

சரி, டெஸ்ட் எடுத்தால் பதில் கிடைத்துவிடுமா? உறுதி கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 3,315 பேருக்கு எக்ஸோம் பார்த்தார்கள். 307 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேருக்குச் சொச்சம், ஒற்றை மரபணு நோய் என்று பதில் கிடைத்தது. காரணம் தெரியாதவர்கள் என்ற பிரிவை மட்டும் எடுத்தால் 17 சதவீதம். மொத்தம் 66 வகை நோய்கள், அதில் 39 வகை ஒரே ஒருவரிடம் மட்டும். அதனால்தான் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுத் தேடுவதைவிட எக்ஸோம் போட்டு மொத்தமாகப் பார்க்கிறார்கள். உங்கள் அண்ணனுக்கு வயது, சொந்தத் திருமணம், குடும்பத்தில் இன்னொருவர் என்று மூன்றும் கூடியிருப்பதால் பதில் கிடைக்க வாய்ப்பு இதைவிட நல்லது என்பது என் கணிப்பு. ஆனால் இல்லை என்றே வந்தாலும் மரபு நோய் இல்லவே இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது.

காரணம், டெஸ்டுக்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் இரண்டு இடம் முக்கியம். என்பிஹெச்பி1 பெரும்பாலும் எழுத்துப் பிழையாக வராது, பக்கமே கிழிந்து போயிருக்கும். எழுத்துப் பிழையை மட்டும் தேடுகிற ஆய்வு அதைத் தவறவிடும். ஆகவே லேபில், "பெரிய டெலிஷன், சிஎன்வி (மரபணுவின் பெரிய துண்டு காணாமல் போவது, கூடுவது) பார்ப்பீர்களா, ரிப்போர்ட்டில் அதை எழுதுவீர்களா" என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று எம்யூசி1. ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிற பகுதியில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்துவிடும், அதைச் சாதாரண எக்ஸோமால் படிக்க முடியாது. அந்தப் பிழையையே 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள். குடும்பப் படம் ஓங்கு வகை என்று சத்தம் போட்டு, எக்ஸோமில் ஒன்றும் வரவில்லை என்றால், அதற்கென்று உள்ள தனி டெஸ்ட் வேண்டியிருக்கும். நீர்க்கட்டி நோய்க்கான பிகேடி1 மரபணுவுக்கும் இதே மாதிரி தலைவலி உண்டு. அதற்கு ஆறு போலிப் பிரதிகள் பக்கத்திலேயே இருந்து ஆளைக் குழப்பும். ஆனால் உங்கள் அண்ணன் கிட்னி சுருங்கியிருக்கிறது. நீர்க்கட்டி நோயில் பெரிதாகும். ஆகவே அதை விட்டுவிடலாம்.

தானம் கொடுப்பவர் பற்றிய கவலை இல்லாதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கல், கிட்னி முழுக்கச் சுண்ணாம்பு படிந்த மாதிரி ஸ்கேன் என்றால், மாற்று அறுவைக்கு முன் பிரைமரி ஹைப்பராக்ஸலூரியாவுக்குப் பார்த்தே ஆக வேண்டும். அதில் பழுது ஈரலில் இருக்கிறது, அடி வாங்குவது கிட்னி. கிட்னியை மட்டும் மாற்றினால் ஈரல் பழையபடி ஆக்ஸலேட் என்ற கல் உண்டாக்கும் உப்பைக் கொட்டிப் புதுக் கிட்னியையும் அடைத்துவிடும். அப்பாவிடமிருந்து வாங்கி வைத்த கிட்னி ஒரு வருடத்துக்குள் போன பிறகு என்னிடம் வந்த ஒரு பையனை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஈரலின் அந்த வேலையை அடக்குகிற லுமாசிரான் ஊசிக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை நம் கைக்கு எட்டாத தூரம். ஆனால் இந்நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சாதாரண பி6 வைட்டமினே நன்றாகக் கேட்கும், யாருக்குக் கேட்கும் என்பதை மரபணுப் பிழையின் வகை ஓரளவு சொல்லிவிடும்.

சிறுநீரில் புரதம் கொட்டி உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் நோய் ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தைகள் இன்னொரு கூட்டம். பல நாடுகளில் சேர்த்துப் பார்த்த ஆய்வில் அப்படிப்பட்ட இளையோரில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஒற்றை மரபணுப் பிழை இருந்தது. அவர்களுக்கு ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போனால் முகம் ஊதும், வளர்ச்சி நிற்கும், நோய் அப்படியே இருக்கும். அங்கே டெஸ்டின் பெரிய பலன் ஒரு மருந்தை நிறுத்துவதுதான். ஆல்போர்ட் நோயில் நேர் எதிர், காது மந்தமும் சிறுநீரில் ரத்தமும் உள்ள பையனுக்கு முன்கூட்டியே பெயர் தெரிந்தால் ராமிப்ரில் போன்ற மலிவான மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்து கிட்னி செயலிழப்பதை வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். அவனுக்குக் கொடுக்க முன்வருகிற அம்மாவும் பெரும்பாலும் கேரியர்தான். ஆனால் இந்த நோயில் கேரியர் என்றால் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, அவருடைய கிட்னிக்கும் பின்னால் பாதிப்பு வரலாம். ஆகவே கேரியர் என்ற ஒரே சொல்லை எல்லா நோய்க்கும் ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி ரிப்போர்ட் வந்தால் எப்படிப் படிப்பது. மரபணு மாற்றங்களை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். ஒரு முனையில் நோய் தருவது உறுதி, மறு முனையில் தீங்கில்லை என்பது உறுதி. நடுவில் இருப்பதற்கு வியூஎஸ் (VUS) என்று பெயர். அர்த்தம், இது என்ன செய்யும் என்று இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. குடும்பங்கள் விழுந்து எழுவது இந்த நடுப்படியில்தான்.

ஓர் அம்மா வந்தார். நகைக்கடை மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து, பச்சை மையில் கோடு போட்டிருந்த வரியைக் காட்டினார். மகளுக்கு ஆல்போர்ட் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் மாற்றம், அதே மாற்றம் தாய்க்கும் இருக்கிறது. அதனால் தாய் கிட்னி கொடுக்க முடியாது என்று முன்பு பார்த்த இடத்தில் சொல்லிவிட்டார்களாம். பதினொரு மாதமாக மகள் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கோடு போட்ட வரிக்கு இரண்டு வரி கீழே சின்ன எழுத்தில் அந்த நடுப்படிச் சொல் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. மறுபடியும் அலசச் சொன்னோம். இந்தியர்களின் தரவில் அந்த மாற்றம் ஆரோக்கியமானவர்களிடமே நிறைய இருந்தது, லேபே தீங்கில்லாத பக்கம் மாற்றி எழுதிக்கொடுத்தது. அந்த அம்மா அழவில்லை. "இந்தக் கோட்டை யாரும்மா போட்டது" என்று மட்டும் கேட்டார்.

இது நம்மவர்களுக்குக் கூடுதலாக நடக்கக் காரணம் உண்டு. ஒரு மாற்றம் அரிதா, சாதாரணமா என்று ஒப்பிட உலகம் பயன்படுத்துகிற தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் மிக அதிகம். நம்மிடம் சாதாரணமாக உள்ள ஒன்று அங்கே அரிதாகத் தெரியும், உடனே சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். இண்டிஜென் திட்டத்தில் 1,029 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதி வெளியானது, அப்புறம் ஜீனோம் இந்தியா திட்டத்தின் பத்தாயிரம் பேர் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நிலைமை தேறிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஒவ்வொரு சாதியும் நூற்றாண்டுகளாகத் தனக்குள்ளேயே மணம் செய்து தனித் தீவாகக் கிடக்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-ல் 263 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் இந்தத் தீவு விளைவு, மரபு நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்துக்காரர்களைவிட வலுவாக இருந்தது. ஆகவே உங்கள் சமூகத்துக்கே உரிய ஒரு மாற்றத்தைப் பற்றி எந்தத் தரவுத்தளத்துக்கும் தெரியாமல் இருக்கலாம். நடுப்படி என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காமல், ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி அலசச் சொல்லுங்கள். புது ரத்தம் வேண்டாம், இருக்கிற தரவையே திரும்பப் படிப்பார்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் இதில் அவசரம் அவன்தான். ஒடுங்கு வகை என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தன் பழுதான பிரதியைப் பையனுக்குக் கொடுத்தே இருப்பார், அவரிடம் வேறு பிரதி கிடையாது. அண்ணி உங்கள் தாய்மாமன் மகள். அம்மா கேரியர் என்றால் அவர் தம்பி கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகளுக்குக் கால். அந்தக் கால் வாய்ப்பிலும் பையனுக்கு இறங்க மறுபடி பாதி. ஆகக் கூடி 8-ல் 1. ஓங்கு வகை என்றால் நேரடியாகப் பாதி. பயந்துபோய் உடனே பையனுக்கு மரபணு டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம். இப்போதைக்கு பிரஷர், சிறுநீர், கிரியேட்டினின், ஒரு ஸ்கேன். ராத்திரி தண்ணீர் கேட்கிறானா என்று அண்ணி கவனித்தால் போதும். அண்ணன் ரிப்போர்ட்டில் தெளிவான பதில் வந்து, அது சிறுவயதிலேயே தாக்கக்கூடியது என்றால் மட்டும் பையனுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்ப்போம். முப்பது, நாற்பதில் வரக்கூடிய, இப்போது மருந்தில்லாத ஒன்று என்றால், பெரியவனாகி அவனே முடிவு செய்யட்டும் என்று விடுவதுதான் எங்கள் வழக்கம். இன்னொரு குழந்தை வேண்டும் என்று அண்ணி நினைத்திருந்தால், ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். பிழை எது என்று தெரிந்தால் கருவிலோ அதற்கு முன்னாலோ பார்க்க வழிகள் இருக்கின்றன. உங்கள் கணவர் சொந்தமா என்று எழுதவில்லை. வெளியிலிருந்து வந்தவர் என்றால், ஒடுங்கு வகையில் உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் தாளில் இரண்டு விஷயம் பாருங்கள். எக்ஸோம் எல்லா மரபணுவையும் வாசிப்பதால், தேடாத ஒன்று, உதாரணத்துக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து, கண்ணில் படலாம். அதைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருப்பார்கள், வீட்டில் பேசிவிட்டு டிக் செய்யுங்கள். பெற்றோர் ரத்தத்தையும் சேர்த்து எடுத்தால் உறவுமுறை பற்றிய உண்மைகளும் சில சமயம் தெரிந்துவிடும். இதை எல்லா குடும்பத்துக்கும் பொதுவாகச் சொல்வேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பீடு பற்றிப் பலர் கேட்பார்கள். மரபு நோய் என்பதை மட்டும் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டில் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2018-ல் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் வந்த மாதிரி மரபணுப் பாகுபாட்டுக்கு எதிரான தனிச் சட்டம் இங்கே கிடையாது. ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடாமல் இருப்பது நல்லது, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் வீட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பணம் நிஜமாகவே நெருக்குகிறது என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சில பெரிய மருத்துவமனைகளில் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் இலவசமாகவோ குறைந்த செலவிலோ செய்கிறார்கள். உங்கள் அண்ணன் மாதிரி காரணம் தெரியாத, சொந்தத் திருமணக் குடும்பத்து இளம் நோயாளியை ஆராய்ச்சியாளர்கள் விரும்பியே எடுத்துக்கொள்வார்கள். என்ன, ரிப்போர்ட் வர மாதக்கணக்கில் ஆகும், கட்டணம் கட்டினால் நான்கைந்து வாரம். அண்ணன் ஏதாவது வெயில் வேலை, வலி மாத்திரை என்று வருடக்கணக்கில் இருந்தாரா என்பதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆந்திராவின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் காரணம் பிடிபடாத கிட்னி நோய் விவசாயிகளை ஊர் ஊராகப் பிடித்திருக்கிறது. சுருங்கிய கிட்னி எல்லாமே மரபணு வேலை இல்லை.

ரத்தம் கொடுக்கப் போகும்போது சின்ன விஷயம் ஒன்று. ஊதா மூடிக் குழாயில் மூன்று, நான்கு மில்லி போதும், வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ஹீமோகுளோபின் குறைவு என்று அண்ணனுக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில வாரம் கழித்து வரச் சொல்லக்கூடும்.

அப்பாவின் கிரியேட்டினின் வந்ததும், சித்தியிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மேலே சொன்னதில் பாதியை அடித்துவிட்டு நானே வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கலாம்.